வரவிருக்கும் கங்கணச் சூரிய கிரகணம்: இல்லத்தார்க்கு ஒரு பாடம்

அருகன் திருவடி போற்றி.

விரோதகிருது ஆண்டு வைகாசித் திங்களில், அதாவது 2031ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் புதன்கிழமையன்று, தென்தமிழ்நாட்டு வானில் ஞாயிறு ஒரு பொன்வளையமாகக் காட்சி தரும். நடுவே கரிய வட்டமும் அதனைச் சுற்றி ஒளிவிளிம்பும் அமைந்த இக்காட்சியைக் கங்கணச் சூரிய கிரகணம் என்றும் வளைய மறைப்பு என்றும் வழங்குவர்.

நாள் தொலைவில் இருக்க, இப்பொழுதே எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். பஞ்சாங்கக் குறிப்பை முதல்நாள் படித்துக்கொள்ளலாம். இல்லத்தின் பழக்கமோ ஒருநாளில் மாறுவதன்று. இன்று தொடக்கப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அன்று மேல்வகுப்புகளில் இருப்பர். இன்று மணமாகும் பெண்கள் சிலர் அன்று கருவுற்றிருத்தலும் கூடும். அவர்களை மனத்தில் வைத்தே இப்பாடத்தை வரைகிறோம்.

இப்பாடம் எழுந்த காரணம்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தை வாசகர் மறந்திரார். அன்று உறவினர் இல்லம் ஒன்றில் நாம் தங்கியிருந்தோம். அவ்வீட்டு மருமகள் ஏழு திங்கள் கருவுற்றிருந்தாள். காலை எட்டு மணிக்கு முன்பே அவளை ஓர் அறையில் இருத்தி, சன்னல்களைப் போர்வையால் மூடினர். பதினொன்றேகால் மணி வரை உணவில்லை, நீருமில்லை. கையில் கத்தியோ ஊசியோ படலாகாது, கால் மடக்கலாகாது, புரண்டு படுக்கலாகாது என்றனர். கதவைத் திறந்தபோது அப்பெண் மயங்கிக் கிடந்தாள். முகத்தில் நீர் தெளித்து, பனைவெல்லம் கரைத்துக் கொடுத்த பின்னரே எழுந்தாள். குழந்தை நலமாகவே பிறந்தது; அது நற்பேறு. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாம், அன்று அவ்வீட்டுக் கூடத்தில் வாய்மூடி அமர்ந்திருந்தோம். பெரியவர்கள் மனம் நோகும் என்று எண்ணினோமேயன்றி, அறைக்குள் இருந்தவள் உடல் நோவதை எண்ணினோமில்லை.

அதற்கும் முன்னர் ஒரு தவறு உண்டு. 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் கருநாடக, ஆந்திரப் பகுதிகளின் வழியே முழுச் சூரிய கிரகணம் சென்றது. நம் மாவட்டங்களில் அது பகுதி மறைப்பு. அதற்கு முந்தைய நாள், "டீச்சர், நாளைக்கு வரும் சூரியன் வேறு சூரியனா? தினமும் வருவதுதானே?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தும் விடை சொல்லாமல் அவனை அதட்டி உட்கார வைத்தோம். அன்று தர வேண்டிய விடையைத்தான் இன்று எழுதுகிறோம்.

வளையம் தோன்றுவது எவ்வாறு?

ஞாயிற்றின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். திங்களின் விட்டம் 3,475 கிலோமீட்டர் அளவே. ஆகவே ஞாயிறு திங்களைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரிது. ஆயின், ஞாயிறு நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், திங்கள் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. தொலைவிலும் ஏறத்தாழ அதே மடங்கு வேறுபாடு இருப்பதால், இரண்டும் நம் கண்ணுக்கு ஒத்த அளவினவாகத் தோன்றுகின்றன.

திங்கள் நம்மைச் சுற்றிவரும் பாதை சரியான வட்டமன்று. சற்றே நீண்ட வட்டம். அதனால் சில வேளை சுமார் 3,63,000 கிலோமீட்டர் வரை அருகில் வருகிறது. சில வேளை சுமார் 4,05,000 கிலோமீட்டர் வரை விலகிச் செல்கிறது. அருகில் இருக்கையில் நேர்குறுக்கே வருமாயின் ஞாயிறு முழுதும் மறையும். அது முழு மறைப்பு. விலகி இருக்கையில் குறுக்கே வருமாயின், திங்களின் வட்டம் ஞாயிற்றை மூடப் போதாது. சுற்றிலும் விளிம்பு எஞ்சும். அவ்விளிம்பே கங்கணம்.

அமாவாசைதோறும் கிரகணம் வாராதது ஏன்? திங்களின் பாதை, புவி ஞாயிற்றைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. எனவே பெரும்பாலான அமாவாசைகளில் திங்களின் நிழல் புவிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தருகே அமாவாசை நேரும்போதுதான் நிழல் புவிமேல் விழும். அத்தகைய காலம் ஏறத்தாழ 173 நாட்களுக்கு ஒருமுறை, அதாவது ஆறு திங்களுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வருகிறது. இந்த ஆறு திங்கள் என்னும் கணக்கை வாசகர் நினைவிற்கொள்க. நம் நூல்களிலும் இதனைக் காண்போம்.

செய்து பார்க்க: வெள்ளைத் தாளில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வெட்டிச் சுவரில் ஒட்டுக. கெட்டி அட்டையில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வெட்டி ஓர் ஈர்க்குச்சியில் செருகுக. சுவரிலிருந்து 2 மீட்டர் தொலைவில் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்க. அட்டை, திறந்த கண்ணுக்கு முன் 50 சென்டிமீட்டரில் இருந்தால் சுவர் வட்டம் சரியாக மறையும். இன்னும் 2 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் மெல்லிய வெள்ளை வளையம் தோன்றும். 2031ஆம் ஆண்டுக் கிரகணத்தின் நடுப்பாதையில் திங்களின் தோற்ற விட்டம் ஞாயிற்றின் தோற்ற விட்டத்தில் ஏறத்தாழ 96 விழுக்காடு; பிள்ளை காணும் வளையமும் அதே அளவினதே. பரப்பளவில் கணக்கிட்டால், ஞாயிற்றின் 92 விழுக்காடு மறைந்து 8 விழுக்காடு எஞ்சும்.

எங்கெங்குத் தெரியும்?

வளையமாகத் தெரியும் பாதை குறுகியது. அது நடுவில் 152 கிலோமீட்டர் அளவே அகலமுடையது. ஆப்பிரிக்காவில் அங்கோலாவில் தொடங்கி, காங்கோ, சாம்பியா, தான்சானியா நாடுகளைக் கடந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கும். வளையம் மிக நீண்ட நேரம், அதாவது 5 நிமிடம் 26 விநாடி நிற்பது கேரளத்துக்கு மேற்கே கடலின்மேல், இந்திய நேரம் பிற்பகல் 12 மணி 46 நிமிடத்தில். பின்னர்க் கொச்சி, ஆலப்புழை, கோட்டயம், பத்தனந்திட்டை வழியாக மலையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் புகும். கூடலூர், தேனி, மதுரை, இளையான்குடி, காரைக்குடி, வேதாரணியம் ஆகிய ஊர்கள் இப்பாதையில் அமைகின்றன. தேனி மாவட்டத்துக் கூடலூரையே இங்குக் குறிக்கிறோம். நீலகிரிக் கூடலூரை அன்று. அதன்பின் இலங்கையின் வடபகுதியையும், மலேசியாவையும், இந்தோனேசியாவையும் தொட்டு நிறைவுறும்.

மதுரைப் பகுதியில் வளையம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டித் தோன்றும். ஞாயிறு அப்போது ஏறத்தாழ உச்சியில், சற்றே வடக்கும் மேற்கும் சாய்ந்து நிற்கும். பகுதி மறைப்பு முற்பகலிலேயே தொடங்கிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். நிமிடக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுபடும்.

நம் சமயத்தார் மிகுதியாக வாழும் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்கள் இப்பாதைக்கு வடக்கே உள்ளன. அங்கு வளையம் தெரியாது. ஆயினும் ஞாயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் மறைந்து, பிறைபோல் எஞ்சும். வளையத்தையே காண விரும்புவோர் மதுரைக்குச் செல்லலாம். கீழக்குயில்குடிச் சமணமலை, யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம் என முனிவர்கள் தவம் செய்த குகைகளும் கற்படுக்கைகளும் மதுரையைச் சுற்றியே உள்ளன. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையன. தேனி வழியே செல்வோர் உத்தமபாளையத்துப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் வழிபடலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு முன் 2010ஆம் ஆண்டு ஜனவரி 15இல் கன்னியாகுமரி, இராமேசுவரம், தனுஷ்கோடிப் பகுதிகளிலும், 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலும் வளையம் காணப்பட்டது. கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாள் இடைவெளியில் ஒத்த தன்மையுடன் மீண்டும் வருவதுண்டு. 2013ஆம் ஆண்டு மே 10இல் ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் தெரிந்த கங்கணக் கிரகணத்தின் அடுத்த வருகையே 2031ஆம் ஆண்டு மே 21இல் நிகழ்வது. இவ்வாறு கணக்குக்கு அடங்கிய ஒன்றைக் கேடு விளைக்க வரும் விருந்தாளியாகக் கருதலாமோ?

நம் நூல்கள் கூறுவது

இராகு என்னும் பாம்பு ஞாயிற்றையும் திங்களையும் விழுங்குகிறது என்பது நாட்டு வழக்கு. திருக்குறளும் அலர் பரவுவதற்கு உவமையாகத் திங்களைப் பாம்பு பற்றிய செய்தியை எடுத்தாள்கிறது. உவமை உலக வழக்கைத் தழுவுவது. அதனைக் கொண்டு வானநூல் முடிவு கூறலாகாது.

நம் ஆகம மரபு விழுங்குதலை ஏற்கவில்லை. சுவேதாம்பர மரபினர் போற்றும் பகவதி சூத்திரத்தில், இராகு திங்களை விழுங்குகிறான் என்று மக்கள் கூறுவது மெய்யோ என்று கௌதமர் வினவ, அது பொய்க்கூற்று என்று பகவான் மகாவீரர் மறுக்கிறார். ஒன்று மற்றொன்றை மறைத்துச் செல்கிறது. அவ்வளவே என்பது கருத்து. நம் திகம்பர மரபில் நேமிசந்திரர் இயற்றிய திரிலோகசாரம், திங்களின் கீழே இராகு விமானமும், ஞாயிற்றின் கீழே கேதுவின் அரிட்ட விமானமும் இயங்குகின்றன என்றும், ஆறு திங்களுக்கு ஒருமுறை உவாநாள் முடிவில் அவை மறைப்பினைச் செய்கின்றன என்றும் கூறுகிறது. சினமும் இல்லை, பகையும் இல்லை, இயக்கமும் மறைப்புமே உள்ளன.

இங்கு ஒரு செய்தியை மறையாது கூறுதல் ஆசிரியர் கடன். பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி முதலிய நூல்கள், நிலத்தினின்று ஞாயிறு 800 யோசனை உயரத்திலும் திங்கள் 880 யோசனை உயரத்திலும் இயங்குவதாகக் கூறுகின்றன. அவ்வமைப்பில் மேலே உள்ள திங்கள் கீழே உள்ள ஞாயிற்றை மறைத்தல் இயலாது. ஆகவேதான் ஞாயிற்றை மறைக்க வேறொரு விமானம் கூறப்பட்டது. தாம் கொண்ட அளவைக்கு முரணாகாமல் காரணம் தேடிய நெறி அது. இன்றோ திங்கள் அருகிலும் ஞாயிறு தொலைவிலும் இருத்தல் அளந்து அறியப்பட்டுவிட்டது. 1969 முதல் திங்களின்மேல் வைக்கப்பட்ட எதிரொளிப்பான்களுக்கு ஒளிக்கதிரை அனுப்பி, அது மீளும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளந்து வருகின்றனர். எனவே, ஞாயிற்றை மறைப்பது திங்களே என்று பிள்ளைகளுக்குத் தயங்காமல் கற்பிக்க வேண்டும். பழைய கூற்றை வலிந்து வளைத்துப் புதியதனோடு ஒட்டவைக்க வேண்டுவதில்லை. அளவுகள் மாறியதால் அறத்தைப் பழிக்கவும் வேண்டுவதில்லை. நற்காட்சி என்பது உள்ளதை உள்ளவாறு காண்டல். யோசனைக் கணக்கு மாறினும் அகிம்சை மாறுவதன்று.

கணிதத்தில் நம் நாட்டார் பெற்றிருந்த திறமையையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1825ஆம் ஆண்டில் புதுச்சேரியில் ஜான் வாரன் என்பார், தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததைக் கண்டு நூலில் பதிந்தார். தாளும் எழுதுகோலும் இன்றிக் கணித்தும், தொடக்க நேரம் சில நிமிட வேறுபாட்டிலேயே அமைந்தது. அக்கணியர் வாய்பாட்டில் இருந்தது எண், பாம்பன்று.

மூடமும் ஒழுக்கமும்

இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் அமைந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் நற்காட்சிக்கு மாசாகும் மூடங்களை விலக்குகின்றன. ஆற்றிலும் கடலிலும் நீராடுதலையே அறமெனக் கருதுதல் உலக மூடம் எனப்படும். பத்தாம் நூற்றாண்டில் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி இன்னும் வெளிப்படையாகவே, ஞாயிற்றுக்கு நீர் இறைத்தலையும் கிரகணத்தின்போது நீராடுதலையும் மூடங்களின் வரிசையில் வைக்கிறார். ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் ஆசாரியர் விலக்கிய ஒன்றை, அண்டை வீட்டார் செய்கின்றனர் என்பதற்காக நாமும் செய்து வருகிறோம்.

இதனால் நம் ஆசார நூல்கள் கூறும் ஒழுங்குகளைக் கைவிடுக என்பது பொருளன்று. கிரகண வேளையில் சித்தாந்த நூல்களை ஓதாதிருத்தல் துறவியர்க்குரிய கால ஒழுங்குகளுள் ஒன்று. அவ்வேளையில் பஞ்ச நமஸ்காரம் செபித்தலும், பன்னிரு சிந்தனைகளை எண்ணுதலும் நன்று. உண்ணாநோன்பு கொள்ள விரும்புவோர் கொள்ளலாம். நோன்பு என்பது தானே விரும்பி, தன் ஆற்றல் அறிந்து மேற்கொள்வது. அஞ்சி உண்ணாதிருத்தல் நோன்பன்று. பிறரை அச்சுறுத்தி உண்ணாதிருக்கச் செய்தலோ இம்சையே ஆகும்.

பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, கிரகணம் பிடித்ததால் நிற்கிறது என்பர். அடி தட்டையான உலக்கை எந்நாளும் நிற்கும். வீட்டில் உலக்கை இருப்பின் கிரகணம் இல்லாத ஒருநாளில் நிறுத்திக் காட்டுக. நாம் வகுப்பில் இதனைச் செய்து காட்டிய நாளில், பிள்ளைகளைவிடப் பள்ளியின் ஆயாவே மிகுதியும் வியந்தார்.

கருவுற்ற மகளிர்க்கு

கிரகணத்தின்போது கருவுற்றவள் காய் நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்னும் அச்சம் இன்னும் நீங்கவில்லை. கருவில் குழந்தையின் மேலுதடு ஏழாம் வார அளவிலும், அண்ணம் பன்னிரண்டாம் வார அளவிலும் கூடிவிடும். கூடாமற்போவதற்குப் பரம்பரை, ஊட்டக்குறை, சில மருந்துகள், புகை ஆகியன காரணமாகலாம். ஏழாம் திங்களில் கத்தி பிடித்ததனால், முன்னரே கூடிய உதடு பிளப்பது எங்ஙனம்? திங்களின் நிழல் நம்மேல் விழுகிறது. அது மேகத்தின் நிழல் போன்ற நிழலே. புதுக்கதிர் எதுவும் அப்போது பிறப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு அதனால் யாதொரு தீங்கும் இல்லை.

தீங்கு வேறிடத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டுக் கிரகணம் மார்கழிக் காலையில் நிகழ்ந்தது; அப்படியும் ஒருத்தி மயங்கினாள். 2031ஆம் ஆண்டுக் கிரகணமோ கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதைச் சூழ்ந்து நிகழ்வது. சன்னல் மூடிய அறையில், நீரின்றி, மூன்று மணி நேரத்துக்கு மேல் கருவுற்ற பெண்ணை அடைத்து வைத்தால் உடலின் நீர் வற்றித் தாய்க்கும் சேய்க்கும் இடர் நேரலாம். ஆகவே மாமியார்களாகவும் பாட்டிமார்களாகவும் உள்ள நம் வயதினர்க்கு ஒன்று கூறுகிறோம். காற்றோட்டமான இடத்தில் அவளை இருக்கவிடுங்கள். வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரைப் பக்கத்தில் வையுங்கள். பசித்தால் உண்ணக் கொடுங்கள். ஆக்கிய உணவைக் கொட்டிவிட வேண்டுவதில்லை. நீரிழிவுக்கு மருந்து உண்போர்க்கும், முதியோர்க்கும், குழந்தைகட்கும் இவையே பொருந்தும்.

காணும் முறை

அஞ்சத்தக்கது ஒன்றே ஒன்று உண்டு. அது கண்ணுக்கு நேரும் கேடு. கங்கணக் கிரகணத்தில் எந்த நொடியிலும் ஞாயிற்றை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. எஞ்சும் சிறு விளிம்பும் விழித்திரையைச் சுடவல்லது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லாமையால், சுடுவது அப்போது தெரியாது; பார்வை மங்கிய பின்னரே தெரியும்.

விலக்க வேண்டியவை: கரி பூசிய கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி, மஞ்சள்நீர்த் தட்டிலோ சாணநீர்த் தட்டிலோ தெரியும் நிழலை உற்றுநோக்கல், வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கி.

கொள்ளத்தக்கவை: ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் தரக்குறியீடு பெற்ற கிரகணக் கண்ணாடி. அதிலும் கீறலோ துளையோ இருப்பின் எறிந்துவிடுக. பற்றவைப்போர் பயன்படுத்தும் 14ஆம் எண் கண்ணாடியும் ஏற்றது.

இவற்றினும் எளியதும் செலவற்றதும் நிழலில் காண்பதாகும். அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு வெயிலில் தரைக்கு மேலே பிடித்தால், தரையில் விழும் ஒளிப்புள்ளி ஞாயிற்றின் உருவமே ஆகும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உருவம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஞாயிறு உச்சியில் நிற்பதால் அன்று உருவம் காலடியிலேயே விழும். பிள்ளைகள் குனிந்து நோக்கினால் போதும். கீற்றுக் கொட்டகையின் இடுக்கு வழியே தரையில் விழும் ஒளி வட்டங்களை நாம் அனைவரும் பார்த்துள்ளோம். கிரகண வேளையில் அவை பிறைகளாகும். வளையப் பாதையில் வளையங்களாகும். வேப்பமரத்து நிழலிலும், சல்லடையின் நிழலிலும் அவ்வாறே நூற்றுக்கணக்கில் காணலாம்.

அறைக்குள் இருப்போர்க்கும் வழியுண்டு. சிறு முகக்கண்ணாடியின்மேல் 5 மில்லிமீட்டர் துளையிட்ட தாளை ஒட்டி, முற்றத்தில் வெயிலில் வைத்துச் சாய்த்து, ஒளியைக் கதவு வழியே உட்சுவரில் விழச் செய்க. 10 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலத்தில் ஞாயிறு தோன்றும். சுவரைத்தான் நோக்க வேண்டும், முகக்கண்ணாடியை நோக்கலாகாது. நடக்க இயலாத முதியோரும் கருவுற்ற மகளிரும் நிழலில் அமர்ந்தபடியே காணலாம். அன்று இருட்டறையில் கிடந்தவளுக்கு இதனைச் செய்து காட்டியிருக்கலாமே என்று பலமுறை எண்ணியதுண்டு.

வெளியில் நிற்போர் தலைக்குத் துணியும் கைக்கு நீரும் கொள்க. மலையேறுவோர் கற்பாறையின் சூட்டை எண்ணிக் காலையிலேயே ஏறி, குகை நிழலில் தங்குக.

எஞ்சி நிற்கும் ஒளி

அறிவை மறைக்கும் வினையை ஞானாவரணீயம் என்கிறோம். ஆவரணம் என்றால் மறைப்பு. அவ்வினை எத்துணைக் கொடிதாயினும் உயிரின் அறிவை முற்றும் மறைக்க வல்லதன்று என்பது கோம்மடசாரம் முதலிய நூல்களின் துணிபு. மிக நுண்ணிய நிகோத உயிரிடத்தும் அறிவின் ஒரு சிறுகூறு மறைப்பின்றி எஞ்சியே நிற்கும்; அதுவும் மறைந்தால் உயிர் உயிரல்லாததாகிவிடும். கங்கணத்தைக் காணும் பிள்ளைக்கு இதனைச் சொல்லிக்கொடுத்தல் எளிது.

2031ஆம் ஆண்டில் நாம் இருப்போமோ என்பது ஆயுவினையின் கணக்கு. இருப்பின், கீழக்குயில்குடி மலையடியில் ஒரு மரநிழலில் எம்மைக் காணலாம். இல்லையெனினும், அன்று எந்த நம் இல்லத்திலும் ஒரு பெண் நீருக்கு ஏங்கி இருளில் கிடவாதிருப்பாளாயின், இப்பாடம் பயன் பெற்றதாகும்.

பயிற்சி வினாக்கள்

(பெற்றோர் துணையுடன் விடை எழுதுக)

1. ஞாயிறு திங்களைவிட 400 மடங்கு பெரிதாயினும் இரண்டும் ஒத்த அளவினவாகத் தோன்றுவது ஏன்?

2. முழு மறைப்புக்கும் வளைய மறைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அட்டை வட்டத்தைக் கொண்டு விளக்குக.

3. தமிழ்நாட்டு வரைபடத்தில் தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரணியம் ஆகிய ஊர்களைக் குறித்துக் கோட்டால் இணைக்க. உங்கள் ஊர் அக்கோட்டுக்கு எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளது?

4. திரிலோகசாரம் கூறும் ஆறு திங்கள் இடைவெளியும் இன்றைய வானியல் கூறும் 173 நாளும் எவ்வாறு ஒப்புமை உடையன?

5. அஞ்சி உண்ணாதிருத்தலுக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாடு யாது?

6. கிரகணம் இல்லாத ஒருநாளில் உலக்கையை நிறுத்திப் பார்த்து, கண்டதைப் பாட்டியிடம் கூறுக. பாட்டி கூறிய மறுமொழியையும் எழுதுக.